பிளஸ் டூ முதல் பதிவு எண் வரை: வடசென்னையிலிருந்து உளவியலாளர் ஆவதற்கு ஒரு வழிகாட்டி

ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துப் பிள்ளைகள் சைக்காலஜி படிப்பதைப் பற்றிக் கேட்க வந்தால், பெரும்பாலும் "எந்தக் காலேஜ் நல்லது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது இது: படித்து முடித்தபின் என் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், எவ்வளவு காலம் என்பதெல்லாம் தானாகவே தெளிந்துவிடும். தெரியாமல் சேர்ந்தால், கையில் நாலைந்து சான்றிதழ் இருந்தும் பதிவு எண் இல்லாமல் நிற்க வேண்டிவரும். அப்படி நிற்கிறவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, யாரும் சரியான நேரத்தில் சொல்லவில்லை.

சேர்வதற்கு முன்: பதிவு என்றால் என்ன

இந்தியாவில் மருத்துவ உளவியலாளராக, அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக, வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். எல்லோரும் ஆர்.சி.ஐ. என்றுதான் சொல்வார்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அமைப்பு இது. மத்திய மறுவாழ்வுப் பதிவேடு என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அந்தப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதையே உறுதிப்படுத்துகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், யார் மருத்துவ உளவியலாளர் என்று வரையறுத்தே வைத்திருக்கிறது: ஆர்.சி.ஐ. அங்கீகரித்த நிறுவனத்தில் மருத்துவ உளவியல் தகுதி பெற்றவர், அல்லது உளவியலில் முதுகலை முடித்து, மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி கொண்ட இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவர். வெறும் எம்.எஸ்சி. சைக்காலஜியை வைத்துக்கொண்டு "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு மாட்ட முடியாது. உளவியலில் பிஎச்.டி. வாங்கிவிட்டாலும் மருத்துவமனைப் பயிற்சியும் ஆர்.சி.ஐ. அங்கீகாரமும் இல்லாவிட்டால் அது ஆராய்ச்சிப் பட்டம்தான், தொழில் செய்யும் உரிமை அதில் வராது.

வீட்டில் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர். உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். சோதனைகள் வைத்து மதிப்பிடுவதும், உளசிகிச்சை தருவதும் அவர் வேலை. கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட் பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனங்களில் ஆலோசனை தருகிறவர். இந்தக் கவுன்சலிங் சைக்காலஜிஸ்டுகள் ஆர்.சி.ஐ. பதிவேட்டின் கீழ் வருவதில்லை. மருத்துவ உளவியல் அல்லாத மற்ற உளவியலாளர்களை, தேசியத் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனி இந்தத் துறை முழுவதுமே முறைப்படுத்தப்படும் திசையில்தான் போகிறது.

முதல் கட்டம்: இளங்கலை

பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்திருந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. அல்லது பி.ஏ. சைக்காலஜி சேரலாம். உயிரியல் படித்திருந்தால் மூளை, நரம்பு பற்றிய பாடங்கள் கொஞ்சம் சுலபம், அவ்வளவுதான். காமர்ஸ் குரூப் பிள்ளைகள் தயங்க வேண்டாம். எல்லோருக்கும் தலைவலி தருவது புள்ளியியல். அதை முதல் செமஸ்டரிலேயே பிடித்துக்கொள்ளுங்கள், மேல்படிப்பு நுழைவுத் தேர்வு வரைக்கும் அது கூடவே வரும்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்தில் ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் திறக்கும். சேப்பாக்கம் மாநிலக் கல்லூரியில் உளவியல் துறை இருக்கிறது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் வரை போய்விடலாம், அங்கிருந்து கல்லூரி கிட்டத்தில்தான். நுங்கம்பாக்கம் மகளிர் கிறிஸ்துவக் கல்லூரி, எழும்பூர் சமூகப் பணிக் கல்லூரி ஆகியவற்றிலும் உளவியல் உண்டு. அரசுக் கல்லூரிக் கட்டணத்துக்கும் தனியார் சுயநிதிப் பிரிவின் கட்டணத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். இந்தப் படிப்பில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் பின்னால் வருகிறது. இளங்கலையில் முடிந்தவரை மிச்சம் பிடியுங்கள்.

உதவித்தொகைகளை விட்டுவிடாதீர்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2024 ஆகஸ்ட் முதல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களில் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் உண்டு.

வேறு டிகிரி முடித்துவிட்டு இப்போதுதான் ஆசை வந்தது என்றால்? சில பல்கலைக்கழகங்கள் எந்த டிகிரி முடித்தவர்களையும் எம்.எஸ்சி. சைக்காலஜியில் சேர்த்துக்கொள்கின்றன. வழி அடைபடவில்லை. ஆனால் அடிப்படைப் பாடங்களை நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் கட்டம்: முதுகலை

இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே தபால்வழியில் எம்.எஸ்சி. முடித்துவிடலாம் என்ற எண்ணம் நம் பகுதியில் அதிகம். குடும்பச் சூழல் அப்படி, புரிகிறது. ஆனால் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல் படிப்புகளுக்குத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் புதிய சேர்க்கை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. இனிமேல் யாராவது "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று நோட்டீஸ் கொடுத்தால் பணம் கட்டாதீர்கள். ரெகுலர் படிப்புதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, கவுன்சலிங் உளவியலுக்குத் தனித் துறையும் இருக்கிறது. எழும்பூர் சமூகப் பணிக் கல்லூரியில் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி உண்டு. இரண்டில் எதை எடுப்பது என்று குழம்பினால், மருத்துவமனை வேலைதான் வேண்டும் என்கிறவர்கள் பொது உளவியல், மருத்துவ உளவியல், பயன்முறை உளவியல் என்ற பெயரில் உள்ள பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு. கவுன்சலிங் படித்தவர்கள் அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது "உங்கள் பட்டம் ஏற்கப்படுமா" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணில் ஒரு கோடு இருக்கிறது. ஆர்.சி.ஐ. எம்.ஃபில். சேர்க்கைக்கு முதுகலையில் 55 சதவீதம் வைத்திருக்கிறார்கள், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கு 50 சதவீதம். அரியர் வைத்து எப்படியோ பாஸ் ஆனால் போதும் என்று விட்டால் 54இல் மாட்டிக்கொள்வீர்கள், அதன்பிறகு சரிசெய்ய வழி குறைவு.

மூன்றாம் கட்டம்: ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தொழிற்படிப்பு

நீண்ட காலமாக இதற்கு ஒரே நேர்வழி, மருத்துவ உளவியலில் இரண்டாண்டு எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கைக்குப் பிறகு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்துகிறோம் என்று மானியக் குழு அறிவித்தது. மனநலத் துறையில் ஆள் பற்றாக்குறை இருப்பதால் மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்கு கொடுத்தது. இதற்கிடையே ஆர்.சி.ஐ. நாலாண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ் மருத்துவ உளவியல், இரண்டாண்டு எம்.ஏ. மருத்துவ உளவியல், சை.டி. என்ற தொழில்முறை முனைவர் படிப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்திருக்கிறது.

ஆகவே இன்று பிளஸ் டூவில் இருக்கும் ஒருவர் தன் அக்கா போன அதே பாதையில் போவார் என்று சொல்ல முடியாது. விண்ணப்பிக்கும் ஆண்டில் மூன்று விஷயங்களை ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு அந்தப் படிப்புக்கான அங்கீகாரம் உங்கள் கல்வியாண்டுக்கு இருக்கிறதா? அங்கீகாரம் காலவரையறையோடுதான் தரப்படும், போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமல் போகலாம். எத்தனை இடங்களுக்கு அங்கீகாரம்? அந்த எண்ணிக்கைக்கு மேல் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பதிவில் சிக்கல் வரும். படித்து முடித்தால் எந்தப் பெயரில் பதிவு கிடைக்கும்? எல்லாப் படிப்பும் ஒரே தகுதியைத் தருவதில்லை. உதாரணமாக ஓராண்டு புரொஃபஷனல் டிப்ளமா முடித்தவர் தகுதி பெற்ற மருத்துவ உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டியவர். மறுவாழ்வு உளவியல் தனிப் பிரிவு. அது மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு நல்ல வழி, செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இதில் பேர்பெற்றது. கல்லூரி அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி லட்சக்கணக்கில் கட்டாதீர்கள்.

சென்னையைச் சுற்றி மருத்துவ உளவியல் பயிற்சி தந்து வந்த நிறுவனங்கள் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம், போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். மூன்றுமே வடசென்னையிலிருந்து எதிர்மூலையில் இருக்கின்றன. காட்டாங்குளத்தூருக்குக் கடற்கரை ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடித்து பொத்தேரியில் இறங்கலாம். முட்டுக்காட்டுக்கு எண்ணூரிலிருந்து தினமும் போய்வருவது நடக்காத காரியம். இரண்டு வருஷம் முழுநேரம், வார்டு, ஓ.பி., மாலையில் கேஸ் எழுதுவது, மறுநாள் காலையில் சூப்பர்விஷன் என்று ஓடும். ஹாஸ்டலுக்கான செலவைக் கட்டணத்தோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு இதை முடிக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு வெளியே பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம் இரண்டும் இந்தியாவில் இந்தப் பயிற்சியை முதலில் வளர்த்த இடங்கள். நிம்ஹான்ஸில் பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு, கட்டணமும் தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. போட்டி கடுமை. ஆனாலும் ஹார்பரில் கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் மிக நியாயமான வழி என்பது என் கருத்து. தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கும் முன் ஒரு முழு வருஷத்தை இந்த நுழைவுத் தேர்வுகளுக்காக ஒதுக்கிப் படிப்பது வீண் இல்லை. கொளத்தூரில் இருக்கும் முதல்வர் படைப்பகமும் எழும்பூர் கன்னிமாரா நூலகமும் உட்கார்ந்து படிக்க இடம் இல்லாத வீடுகளுக்குப் பெரிய உதவி.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் தவறவிடும் ஒரு காகிதம் இருக்கிறது. பி.சி., எம்.பி.சி. என்று தமிழ்நாடு அரசு தந்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டுக்கானதாக இருக்க வேண்டும். இ-சேவையில் போட்டால் தண்டையார்பேட்டை, பெரம்பூர், திருவொற்றியூர், மாதவரம் என உங்கள் தாலுகா அலுவலகம் வழியாக வரும். கடைசி வாரத்தில் ஓடாதீர்கள், ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

நுழைவுத் தேர்வும் நேர்காணலும்

கேள்விகள் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. உளநோய்க் கூறுகள், ஆளுமைக் கோட்பாடுகள், கற்றல், நினைவு, உளவியல் சோதனைகள், ஆராய்ச்சி முறை, புள்ளியியல் எல்லாம் வரும். நோய்களின் வகைப்பாட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள். சோதனைகளில் பினே-காமத், வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல், செகுவின் வடிவப் பலகை, மாலின், பாட்டியா, ரோர்ஷாக் எல்லாம் என்ன வயதுக்கு, எதை அளக்க என்று தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் உங்கள் மேஜையில் தினமும் இருக்கப்போகிற பொருட்கள் இவை. பள்ளியில் பின்தங்கும் பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டுமா, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டுமா, எல்லாமே இந்த மதிப்பீட்டு அறிக்கையில் இருந்துதான் தொடங்கும்.

நேர்காணலில் "ஏன் இந்தத் துறை?" என்று கேட்பார்கள். "மக்களுக்கு உதவணும்" என்ற பதிலை அன்று காலையிலிருந்து எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நீங்கள் பார்த்த, செய்த ஒன்றைச் சொல்லுங்கள். அதற்குத்தான் முதுகலைக் காலத்திலேயே எங்காவது போய்ப் பழக வேண்டும். அண்ணா நகரில் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பு 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கியது. தற்கொலைத் தடுப்புக்காக 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா தன்னார்வலர்களால் நடக்கிறது. முகப்பேரில் வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்கான பான்யன் 1993இலிருந்து இயங்குகிறது. கல்லூரிக் கடிதத்தோடு கேட்டுப் பாருங்கள். இந்த அனுபவம் பதிவுக்குக் கணக்கில் வராது. ஆனால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது இங்கேதான் தெரியும். ஒத்துவரவில்லை என்று அப்போதே தெரிந்தால் அதுவும் லாபம்தான்.

பயிற்சிக் காலம்: வடசென்னைக்காரருக்கு இருக்கும் பலம்

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழ்வழியில் படித்தவர்கள் இங்கே வந்ததும் சுருங்கிப்போகிறார்கள். வகுப்பு, அறிக்கை, வைவா எல்லாம் ஆங்கிலத்தில். அது உண்மைதான், உழைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் நோயாளி பேசுவது தமிழில், அதிலும் நம் தெருத் தமிழில். கேஸ் ஹிஸ்டரியில் நோயாளியின் பிரச்சினையை அவர் சொன்ன வார்த்தையிலேயே முதலில் எழுத வேண்டும் என்பது விதி. "ராத்திரி கண்ண மூடுனா நெஞ்சு படபடன்னு அடிக்குது, யாரோ கழுத்தப் புடிக்கிற மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். எப்போதிலிருந்து, எவ்வளவு நேரம், எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று கேட்டு முடித்த பிறகுதான் அதற்குப் பெயர் வைப்பது.

"எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?" என்று காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளியிடம் கேட்டால் பதில் வராது. பல நாள் கடலில் தங்கி வருகிறவருக்குக் கடல் நாள், கரை நாள் என்று இரண்டு தூக்கம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குடியைப் பற்றிக் கேட்டால் "ஒரு குவார்ட்டர்தான்" என்பார். மருத்துவக் கணக்கில் 30 மில்லி கடும் மது ஓர் அளவு. குவார்ட்டர் என்பது 180 மில்லி, ஆக 6 அளவு. கலந்து குடிப்பது பீரா, விஸ்கியா, யாரோடு, வேலைக்கு முன்னா பின்னா என்று கூச்சமில்லாமல் கேட்கத் தெரிந்தவர், இந்தத் தெருக்களில் வளர்ந்தவர். "காத்து கருப்பு பட்டுடுச்சு" என்று சொல்லும் குடும்பத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல், எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், தர்காவுக்குப் போனீர்களா, அங்கே என்ன சொன்னார்கள் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்வதும் பயிற்சியின் பகுதிதான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும், 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கும் நம் பகுதியிலிருந்துதான் எத்தனை குடும்பங்கள் வருகின்றன. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று தெருவில் கேலி பேசப்படும் பயத்தில் வராமல் இருக்கிறவர்கள் அதைவிட அதிகம். அவர்களிடம் அவர்கள் மொழியில் பேசும் பதிவு பெற்ற ஆட்கள் நமக்கு வேண்டும்.

பயிற்சியில் கேஸ் எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். பார்த்த அன்றே எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தை அந்த வாரத்திலேயே வாங்குங்கள். ஆண்டு முடிவில் ரெக்கார்டு நிறையாமல் தேர்வு எழுத முடியாமல் போவது, அறிவுக் குறைவால் நடப்பதைவிட இந்தத் தள்ளிப்போடலால்தான் அதிகம் நடக்கும். ஆய்வேட்டுக்கான நெறிமுறைக் குழு அனுமதியையும் சீக்கிரம் தொடங்குங்கள்.

இடையில் சம்பாதிக்க வேண்டியவர்கள்

பிளஸ் டூவுக்குப் பிறகு மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு வருஷம். இருபத்தைந்து வயதுவரை படிப்பா என்று வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. முதுகலைக்குப் பிறகு ஓரிரு வருஷம் பள்ளி ஆலோசகராகவோ, போதை மறுவாழ்வு மையத்திலோ, குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனத்திலோ வேலை பார்த்துச் சேமித்துவிட்டு மூன்றாம் கட்டத்துக்குப் போகலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள். அந்தக் காலத்தில் உங்கள் பெயருக்குப் பின்னால் "ஆலோசகர்" என்று போடுங்கள், "மருத்துவ உளவியலாளர்" என்று போடாதீர்கள். அப்புறம், மூன்று மாத சான்றிதழ், வார இறுதி ஹிப்னோதெரபி வகுப்பு என்று வரும் விளம்பரங்கள் எதுவும் பதிவுக்கு ஒரு அங்குலம்கூட நகர்த்தாது. அந்தப் பணத்தை ஹாஸ்டலுக்கு வையுங்கள்.

கடைசிக் கட்டம்: பதிவு

படிப்பு முடிந்ததும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்று, டிகிரி, பி.ஜி., தொழிற்படிப்பு மார்க் ஷீட்டுகள், பட்டம் அல்லது புரொவிஷனல், அடையாளச் சான்று, போட்டோ, கட்டணம். கேட்கச் சுலபம். மாட்டுவது பெயரில்தான். பத்தாம் வகுப்பில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா சேகர்", பட்டத்தில் "கவிதா எஸ்" என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரைத்தான் எளிதில் மாற்ற முடியும், கல்லூரியில் சேரும்போதே மாற்றிவிடுங்கள்.

பதிவு எண் வந்ததும் அதை அறிக்கைகளிலும் முத்திரையிலும் போட வேண்டும். யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை இணையதளத்தில் சரிபார்க்கலாம். உங்களுக்கு வகுப்பெடுக்கிறவர், இன்டர்ன்ஷிப் தருகிறவர் யாராக இருந்தாலும் நீங்களும் இதே மாதிரி அவர்கள் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்க, அங்கீகரிக்கப்பட்ட தொடர் கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். முதல் வருஷத்திலிருந்தே ஆண்டுக்கு ஒன்றிரண்டு என்று போய்வந்து சான்றிதழ்களை ஒரே ஃபைலில் வையுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்திலும் பெயரைப் பதிய வேண்டும், அதற்கும் இந்த ஆர்.சி.ஐ. எண்தான் அடிப்படை. மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் பணியிடங்கள் பெரும்பாலும் மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக ஒப்பந்த அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், கடைசித் தேதிக்குக் குறைந்த நாட்களே கொடுப்பார்கள். சென்னையோடு திருவள்ளூர் மாவட்டப் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள், மணலி, மீஞ்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு அது கிட்டம்.